தெருவில் தொற்று வந்தால்: வாசல்படி உதவிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2021 மே மாதம் கொரோனாவால் எங்கள் தெருவில் ஒரே சமயத்தில் ஒன்பது வீடுகள் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கிடந்தன. தாம்பரம் பக்கத்தில் நாற்பத்திரண்டு வீடுகள் உள்ள சாதாரணத் தெரு. 10ஆம் தேதி முழு ஊரடங்கு தொடங்கியது. 24ஆம் தேதியிலிருந்து மளிகைக் கடைகளும் மூடப்பட்டன. காய்கறி வண்டியும் பாலும் மருந்துக் கடையும்தான் மிச்சம்.

அதற்கு முந்தைய வருடம் முதல் வீட்டில் தொற்று வந்தபோது நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வாசலில் ஸ்டிக்கர் ஒட்டுவதை மொட்டை மாடியில் நின்று வேடிக்கை பார்த்தோம். அந்த வீட்டுக்குப் பால் போடுபவர் இரண்டு நாள் வரவில்லை. ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. கெட்ட மனது என்று சொல்ல முடியாது, எல்லாருக்கும் பயம். என்ன செய்வது என்றும் தெரியவில்லை. அந்த இரண்டு வருடங்களில் தப்புத் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதியிருக்கிறேன். கொரோனாவை வைத்து எழுதியது. அடுத்து வருவது வேறு நோயாக இருந்தால், எப்படிப் பரவும், எத்தனை நாள் தனிமை என்பதெல்லாம் மாறும். அதற்கு அப்போதைய சுகாதாரத் துறை அறிவிப்பைப் பாருங்கள். கொரோனாவுக்கே தனிமை நாள் கணக்கு பல முறை மாறியது. வாசல்படி வேலை அவ்வளவாக மாறாது.

படி 1: யாருக்கும் காய்ச்சல் வருவதற்கு முன்பே ஒரு நோட்டு

வாட்ஸ்அப் குழு போதாது. குழுவில் இல்லாத வீடுகள்தான் முதலில் சிக்கலில் மாட்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, வீட்டுக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். எத்தனை பேர், தனியாக இருக்கும் பெரியவர்கள் யார், கர்ப்பிணி, கைக்குழந்தை, டயாலிசிஸ் போகிறவர். வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் பிள்ளையின் எண். ஸ்மார்ட்போன் உண்டா, இல்லையா. பிறகு முக்கியமான ஒன்று: தினமும் தவறாமல் போடும் மாத்திரைகள். பெயரைக் கேட்டு எழுதாதீர்கள், அட்டையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "அந்த வெள்ளைக் கலர் சின்ன மாத்திரைப்பா" என்பதை வைத்து எந்த மருந்துக் கடையிலும் ஒன்றும் வாங்க முடியாது.

கேட்கும்போதே எதற்குக் கேட்கிறோம் என்று சொல்லிவிடுங்கள். விருப்பமில்லாதவரை வற்புறுத்த வேண்டாம், போன் எண் மட்டும் போதும். நோட்டு இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு என்ன என்பது தெருக் கதையாகிவிட்டால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

வீடு என்று கணக்கில் வராதவர்களையும் சேருங்கள். முனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர், அபார்ட்மென்ட் வாட்ச்மேன், ஒரே அறையில் நாலு பேராகத் தங்கியிருக்கும் பையன்கள், பாதியில் நிற்கும் கட்டிடத்தில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள். எங்கள் நோட்டில் முதல் தடவை இவர்கள் யாருமே இல்லை.

படி 2: ஒரு வீட்டுக்கு ஒரே ஆள்

2021இல் முதலில் படுத்தது நடுத்தெருவில் ஒரு குடும்பம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், பாட்டி. செய்தி பரவிய அன்று அவர்கள் வாசலில் நாலு பாத்திரம் சாம்பார். நாலுமே முருங்கைக்காய். மறுநாள் இரண்டு. மூன்றாம் நாள் ஒன்றுமில்லை, எல்லாரும் வேறு யாராவது கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துவிட்டோம். அன்றைக்கு அந்த அம்மா நூற்று இரண்டு டிகிரி காய்ச்சலோடு எழுந்து உப்புமா கிளறியிருக்கிறார். இது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அதற்கப்புறம் வைத்த விதி இது: தனிமையில் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருவர் பொறுப்பு. சமைப்பவர் யாராக இருந்தாலும், மருந்து வாங்குபவர் யாராக இருந்தாலும், அந்த வீட்டோடு பேசுவது இவர் ஒருவர்தான். நோயாளிக்கு ஒரு நாளில் பதினைந்து போன் வந்தால் அதுவே மூச்சு வாங்க வைக்கும். "இப்ப எப்படி இருக்கு? எப்படி வந்துச்சு? எங்க போனீங்க?" என்ற விசாரணைக்கெல்லாம் பொறுப்பாளர் பதில் சொல்லிக்கொள்வார். சென்னை மாநகராட்சி 2020இல் 'ஃபோகஸ்' என்று தன்னார்வலர்களை நியமித்து, தனிமையில் இருந்த வீடுகளுக்குச் சாமான் வாங்கிக் கொடுக்க வைத்ததும் ஏறக்குறைய இதே யோசனைதான். தெருவுக்குள் இதைச் செய்ய யாருடைய உத்தரவும் தேவையில்லை.

பொறுப்பாளர் அந்த வீட்டுக்கு ரொம்ப நெருங்கியவராக இருக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால், கொஞ்சம் தள்ளியிருப்பவரிடம்தான் சிலர் கூச்சமில்லாமல் கேட்கிறார்கள்.

படி 3: கேட்கும் விதம்

"ஏதாவது வேணும்னா கூச்சப்படாம சொல்லுங்க." இதைவிடப் பயனில்லாத வாக்கியம் அந்த இரண்டு வருடத்தில் நான் கேட்கவில்லை. நானும் பலமுறை சொன்னேன். ஒரே ஒரு வீட்டிலிருந்துகூட பதில் வரவில்லை. நம் ஊரில் கேட்டு வாங்குவது கடன் மாதிரி. அதுவும் "அவங்களுக்கு என்ன கஷ்டமோ" என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்ற பயம் வேறு.

வேலைக்கு ஆனது இப்படிக் கேட்டதுதான்: "அண்ணி, பத்து மணிக்கு மருந்துக் கடைக்குப் போறேன். மாமாவோட பிரஷர் மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கு?" நான் எப்படியும் போகிறேன், உங்களுக்காகத் தனியாகப் போகவில்லை என்பது அதில் இருக்கிறது. பதில் எண்ணாக வரும். "மூணு நாளைக்கு இருக்கு" என்றால் நீங்களே வாங்கிவிடலாம். "ராத்திரிக்கு இட்லியா, ரசஞ்சாதமா?" என்று கேட்டால் "வேணாம்" என்று சொல்வது கஷ்டம். "ராத்திரிக்கு ஏதாவது அனுப்பட்டுமா?" என்றால் "பரவால்லம்மா, இருக்கு" என்றுதான் வரும், இல்லாவிட்டாலும்.

மாடி வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தனியாக இருந்தார். எதைக் கேட்டாலும் வேண்டாம் என்பார். கடைசியில் அவருடைய பொறுப்பாளர் ஒரு வேலை செய்தார். "சார், நாலு வீட்டுப் பெரியவங்களுக்குத் தினம் சாயங்காலம் போன் பண்ணிப் பேச ஆள் இல்லை, நீங்க பேச முடியுமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து சார் தினமும் போன் செய்து, விவரத்தை நீட்டாக எழுதி, அப்படியே பேச்சுவாக்கில் "நாளைக்கு ஒரு பாக்கெட் பிரெட் கிடைச்சா நல்லது" என்று சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார். வாங்குகிறவருக்கும் கொடுக்க ஆசை இருக்கும். பிச்சை எடுத்து வாழும் பூல்பாண்டியன் 2020 மே மாதம் மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்கு 10,000 ரூபாயோடு போய் நிவாரண நிதிக்குக் கொடுத்தது செய்தியில் வந்தது. அப்புறமும் பலமுறை கொடுத்தார். வாங்குகிறவர் பட்டியல், கொடுக்கிறவர் பட்டியல் என்று தெருவை இரண்டாகப் பிரித்துவிடாதீர்கள்.

படி 4: வாசலில் கொடுக்கும் முறை

ஒரு ஸ்டூல், கேட்டுக்கு உள்பக்கமாக. மாடி வீடு என்றால் ஒயர் கூடையும் நைலான் கயிறும். இரண்டு பேரும் முகக்கவசம் போட்டிருக்க வேண்டும். சாமானை வைத்துவிட்டு மணி அடியுங்கள். நாலடி பின்னால் போய் நின்று, அவர்கள் எடுத்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, கையை ஆட்டிவிட்டு வாருங்கள். அந்தக் கையாட்டல் வீண் வேலையில்லை. பத்து நாள் மனித முகம் பார்க்காதவர்களுக்கு அது பெரிது.

2020இல் நாங்கள் முருங்கைக்கீரையைக்கூட சோப்புத் தண்ணீரில் அலசினோம். கொரோனா முக்கியமாகக் காற்று வழியே, அடைத்த அறைக்குள் பரவுவது என்று பின்னால் தெளிவானது. பால் பாக்கெட்டைப் பார்த்துப் பயந்தவர்கள், கபசுரக் குடிநீர் அண்டாவைச் சுற்றி முகக்கவசத்தை இறக்கிவிட்டுக்கொண்டு கூட்டமாக நின்றோம். பயப்பட வேண்டிய இடம் எது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி உதவி எளிதாகிவிடும். திறந்த வெளியில் வாசலில் நின்று பை கொடுப்பது ஆபத்து குறைந்த வேலை. "உள்ள வந்து ரெண்டு நிமிஷம் உக்காருங்க" என்பதற்கு இணங்குவதுதான் ஆபத்து.

நேரத்தை மாற்றாதீர்கள். எங்களுக்குக் காலை ஏழரை, பகல் பன்னிரண்டரை, மாலை ஆறு. மணி அடிக்கும் என்று தெரிந்தால் அவர்கள் படுத்துத் தூங்கலாம்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வாசனை தெரியாது, நாக்கில் ருசி இருக்காது. காரசாரமாகச் செய்தால் சாப்பிடுவார்கள் என்று நினைப்போம். தொண்டைப் புண்ணுக்கு அது எரியும். கஞ்சி, பருப்புத் துவையல், மிளகு ரசம், இட்லி, குழைந்த சாதம், சுட்ட அப்பளம் போகும். அப்பளத்தின் ருசி தெரியாவிட்டாலும் மொறுமொறுப்பு தெரியும் என்று ஒருவர் சொன்னார். பிரஷர்காரர் இருந்தால் உப்பைக் குறைத்து, தனியாக ஒரு பொட்டலம் உப்பு வையுங்கள். வெங்காயம் பூண்டு சேர்க்காத வீடு, முட்டை சாப்பிடும் வீடு என்பதையெல்லாம் நோட்டில் முதலிலேயே எழுதிவிடுங்கள். நடுத்தெரு வீட்டில் நாங்கள் விட்டது பிள்ளைகளை. அவர்களுக்குக் காய்ச்சலே இல்லை, நல்ல பசி. ஐந்து நாள் கஞ்சியும் ரசமும் பார்த்து நொந்துபோயிருந்தார்கள். ஆறாம் நாள் கூடையில் முறுக்கும் ஒரு பாக்கெட் கிரேயானும் போனது.

பாத்திரத்தைத் திருப்பித் தரச் சொல்லாதீர்கள். நம் ஊரில் காலிப் பாத்திரம் திரும்பாது, சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். நோயாளி அதற்காக எழுந்து நிற்பார். பழைய எவர்சில்வர் டப்பாக்களைத் தெருவுக்குப் பொதுவாக ஒதுக்கிவிட்டால் இந்தச் சங்கடம் இல்லை.

காசுக் கணக்கு அன்றன்றைக்கே முடியட்டும். ரசீதைப் படம் எடுத்து அனுப்புங்கள், அவர்கள் ஜிபே செய்துவிடுவார்கள். தர முடியாத வீடு எது என்பது பொறுப்பாளருக்குத் தெரிந்திருக்கும், அங்கே ரசீது அனுப்பாமல் விட்டுவிடலாம். கையில் பணம் தீர்ந்துபோன பெரியவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: ஆதார் இணைத்த வங்கிக் கணக்கிலிருந்து தபால்காரர் கைரேகை வைத்து வீட்டு வாசலிலேயே பணம் எடுத்துத் தருவார். ஊரடங்கின்போது எங்கள் தெருவில் இரண்டு பென்ஷன்கார அம்மாக்களுக்கு அதுதான் கை கொடுத்தது. ஏடிஎம் அட்டையையும் பின் நம்பரையும் உங்களிடம் நீட்டினால் வாங்காதீர்கள், எவ்வளவு நம்பிக்கையாகக் கொடுத்தாலும்.

படி 5: காலையும் மாலையும் மூன்று கேள்விகள்

காய்ச்சல் எவ்வளவு? ஆக்சிஜன் எவ்வளவு? சாப்பிட்டாரா? அவ்வளவுதான்.

ஆக்சிமீட்டர் வீட்டுக்கு ஒன்று வாங்க வேண்டியதில்லை. நாங்கள் பங்கு போட்டு இரண்டு வாங்கினோம். ஒவ்வொரு வீட்டுக்குப் போகும்போதும் சானிடைசர் தொட்ட பஞ்சால் துடைத்து, கூடவே இரண்டு பேட்டரி. நகப்பூச்சு இருந்தால் அளவு தப்பாகக் காட்டும், குளிர்ந்த விரலிலும் அப்படித்தான். கையைத் தேய்த்துச் சூடாக்கி, உட்கார்ந்து, விரலை ஆட்டாமல், எண் ஓரிடத்தில் நிலைக்கும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். 94க்குக் கீழே போனால், அல்லது மூச்சுத் திணறல், நெஞ்சில் அழுத்தம், பேச்சில் குழறல், குழப்பம் இருந்தால் உடனே 108 அல்லது டாக்டர். கொரோனாவின் கெட்ட குணம், சிலருக்கு மூச்சு வாங்குவதே தெரியாமல் அளவு இறங்கிவிடும். "நல்லாத்தான் இருக்கேன்" என்ற பேச்சை மட்டும் நம்பக்கூடாது என்பதற்காகத்தான் எண்.

நீங்கள் டாக்டர் ஆகாதீர்கள். போன வாரம் தன் மைத்துனருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரைச் சீட்டை அப்படியே அடுத்த வீட்டுக்கு அனுப்பியவர் எங்கள் தெருவிலும் இருந்தார், ஸ்டீராய்டு உட்பட. சந்தேகம் என்றால் 104க்குப் போட்டுக் கேளுங்கள். மனம் உடைந்து பேசுகிறவருக்கும் அதே எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.

படி 6: பார்வர்டுகளுக்கு ஒரு காவலர்

2021 ஏப்ரல் கடைசியில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிர் வாங்க விடிய விடிய வரிசை நின்றது. உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தை 2020 நவம்பரிலேயே பரிந்துரைக்க மறுத்திருந்தது. எங்கள் தெரு இளைஞர் ஒருவரும் இரண்டு நாள் அந்த வரிசையில் நின்றார். நின்றது அன்பினால்தான், அதில் சந்தேகமில்லை.

"மருத்துவமனைப் படுக்கை காலியாக உள்ளது, உறுதி செய்யப்பட்டது" என்று வாட்ஸ்அப்பில் பார்வர்டாக வந்த எண்களில் பெரும்பாலானவை, கூப்பிட்டால் எடுக்கப்படவே இல்லை. குழுவில் ஒருவரிடம் மட்டும் வேலையை ஒப்படையுங்கள்: எண் வந்தால் அவர் கூப்பிட்டுப் பார்ப்பார், கிடைத்தால் தேதியும் நேரமும் எழுதிப் போடுவார், தீர்ந்துவிட்டால் அழித்துவிடுவார். நேரம் இல்லாத தகவல் குழுவில் நிற்கக்கூடாது. கண்டிப்பாக இருக்கக்கூடியவராகப் பார்த்துப் போடுங்கள். எங்கள் குழுவில் அது ஒரு கல்லூரி மாணவி. தன் பெரியப்பா அனுப்பியதையே மூன்று முறை நீக்கினாள்.

படி 7: தெருவைத் தாங்குகிறவர்கள்

வீட்டு வேலைக்கு வரும் அம்மாவை வர வேண்டாம் என்று நிறுத்தினால், சம்பளத்தை நிறுத்தாதீர்கள். எத்தனையோ நல்ல மனிதர்கள் அண்டா அண்டாவாக அன்னதானம் செய்துகொண்டே இதில் கோட்டை விட்டார்கள். அரிசி அட்டைதாரர்களுக்கு அரசு 2020இல் 1,000 ரூபாயும், 2021இல் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் கொடுத்தது. வாடகை வீட்டில் இருப்பவருக்கு அது எத்தனை நாள் வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தூய்மைப் பணியாளர் குப்பையைக் கையால் பிரிக்கிறார் என்பது நினைவில் இருக்கட்டும். நோயாளி பயன்படுத்திய முகக்கவசம், பஞ்சு, டிஷ்யூ எல்லாம் தனியாக மஞ்சள் பையில். பை தரவில்லை என்றால் இரட்டைப் பையில் கட்டி, மேலே எழுதுங்கள். மற்ற வீடுகளில் முகக்கவசத்தை வெட்டி, காகிதப் பையில் மூன்று நாள் வைத்துவிட்டுப் போட வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அப்போதைய அறிவுரை. காலையில் கேட்டில் ஒரு சொம்பு மோர் வைத்தால் குடிப்பார்கள், ஆனால் டிஸ்போசபிள் கப்போடு வையுங்கள். சிலர் தனி டம்ளர் வைத்தார்கள். அது எந்தக் காலத்து வழக்கத்தை நினைவுபடுத்தும் என்று அவர்களுக்கு உறைக்கவில்லை.

கட்டிட வேலைக்கு வந்த பிகார் பையன்களுக்கு நாங்கள் முதலில் இருபது கிலோ புழுங்கலரிசி கொடுத்தோம். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்கள். நாலு நாள் கழித்துப் பார்த்தால் மூட்டை அப்படியே இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியிருந்தது கோதுமை மாவு, உருளைக்கிழங்கு, கடுகெண்ணெய். அதைவிட முக்கியமாகப் போன் ரீசார்ஜ். ஊரில் அம்மா அழுதுகொண்டிருக்கிறாராம். கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள்.

படி 8: சாவு விழுந்தால்

2020 ஏப்ரல் 19ஆம் தேதி இரவு, சென்னையில் தொற்றால் இறந்த ஒரு மருத்துவரைப் புதைக்க விடாமல் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தது. அவருடைய நண்பரான இன்னொரு மருத்துவர் நள்ளிரவில் தானே மண்ணைத் தள்ளி அடக்கம் செய்தார். ஒரு வாரத்தில் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது, அடக்கத்தைத் தடுத்தால் மூன்றாண்டு வரை சிறை. உடலால் நோய் பரவிவிடும் என்று யாராவது தெருவில் ஆரம்பித்தால், விதிப்படி கட்டிய உடலிலிருந்து அப்படிப் பரவாது என்று முதல் குரலாகச் சொல்ல ஒருவர் வேண்டும். இரண்டாவது ஆள் தானாக வருவார்.

துக்க வீட்டில் அடுப்பு எரியாது. உறவும் அக்கம்பக்கமும் சோறு கொண்டுவருவது வழக்கம். அந்த நாட்களில் உறவு வர முடியவில்லை, ஆகவே அது முழுக்கத் தெருவின் வேலை. எங்கள் தெருவில் இரண்டு சாவுகள். இரண்டாவது, இஸ்திரிக்காரரின் மனைவி. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மயானம். வீட்டுக்கு வரவே இல்லை. அன்று மாலை ஆறு மணிக்கு எல்லாரும் அவரவர் வாசலில் விளக்கு வைத்து நின்றோம். யார் சொன்னது என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் வண்டியருகே உட்கார்ந்து கரிப்பெட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

முதல் வாரம் எல்லாரும் இருப்பார்கள். ஒரு மாதம் கழித்துத்தான் காகித வேலை தொடங்கும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வங்கி, காப்பீடு. கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் நிவாரணம் இருந்தது. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைக்கு 5 லட்சம் வைப்புத்தொகை, ஒருவரை இழந்தால் 3 லட்சம் என்று தமிழக அரசு அறிவித்தது. இதெல்லாம் இருப்பதே தெரியாத குடும்பங்கள் உண்டு. தெரிந்தாலும், அழுத கண்ணோடு நாலு முறை தாலுகா அலுவலகம் போக முடியாது. படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவர் இரு சக்கர வண்டியில் கூடவே போனால் ஒரே முறையில் முடியும். சமைக்கத் தெரியாத, வாசலில் நிற்கப் பயப்படுகிற, ஆனால் உதவ விரும்புகிற ஆள் ஒவ்வொரு தெருவிலும் இருப்பார். இந்த வேலையை அவருக்குக் கொடுங்கள்.

படி 9: உதவுகிறவர் படுத்துவிடாமல்

வீட்டில் வயதானவர் இருந்தால் வாசல் வேலை வேண்டாம், போன் வேலை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் ஓடினால் ஒரு நாள் ஓய்வு. ஒரே ஆள் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டால் பத்தாம் நாள் அவர் கத்த ஆரம்பிப்பார். (நான்தான் கத்தினேன். பிரெட் மாற்றிக் கேட்டதற்காக, அந்த ஆசிரியரிடம்.) பொதுப் பணத்தின் வரவு செலவை வாரம் ஒருமுறை குழுவில் போடுங்கள். பை கொடுக்கும்போது படம் எடுக்காதீர்கள், யார் கேட்டாலும்.

படி 10: நோட்டைத் தூக்கிப் போடாமல் இருப்பது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். மின்சாரம் இல்லை, போன் இல்லை. அந்த நோட்டைத்தான் அலமாரி மேலிருந்து எடுத்தோம். மாத்திரைப் பக்கங்களை முதலில் பார்த்தோம். மூன்று வீட்டில் ஆள் மாறியிருந்தது, ஒரு வீட்டில் கைக்குழந்தை இருப்பது எழுதப்படவே இல்லை. இப்போது போகிக்கு முந்தின ஞாயிறு, வீட்டை ஒட்டடை அடித்துவிட்டு, ஆசிரியர் சார் நோட்டோடு கிளம்புவார். ஒவ்வொரு வாசலிலும் நின்று பழைய விவரத்தைப் படித்துக் காட்டி, அடித்துத் திருத்துவார். இந்த வருடம் இஸ்திரிக்காரரின் பக்கத்தில் புதிதாக ஒரு பெயர் சேர்ந்திருக்கிறது, பேத்தி.